ஆறில் நின்ற பன்னிரண்டு

ஐந்து பொட்டலம் ஈஸ்ட் போட வேண்டிய இடத்தில் நான் இரண்டு போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். பொட்டலத்தின் முதுகில் அளவை அச்சடிக்கிறவன் ஈஸ்ட் விற்கிறவன். அவன் அள்ளிப் போடு என்றுதானே சொல்வான்? குளிரில் நொதிக்கிற பீருக்கு ஈஸ்ட் கூடுதலாக வேண்டும், குளிரில் அது சோம்பேறி என்பது என்னோடு சேர்ந்து காய்ச்சுகிற நண்பன் லுபோரின் கட்சி. ஆள் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும், நடக்காமலா போய்விடும் என்பது என் கட்சி. இதை அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அஞ்சும் போட்டியா வெண்டா?" தன் காரேஜின் மறுகோடியில் குழாய் கழுவிக்கொண்டே லுபோர் கேட்டான்.

"போட்டாச்சு போட்டாச்சு. மூடியை எடு."

மீதி மூன்று பொட்டலமும் என் கால்சட்டைப் பையில் இருந்தன.

இந்த ஐம்பது லிட்டரும் அவன் மகள் ராத்காவின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை மொராவியாக்காரன், பரம்பரையாகத் திராட்சைத் தோட்டம், ஒயின் குடும்பம். நிச்சயத்தன்று சம்பந்தி எங்கள் ஊர் க்லாடோவியின் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கை கழுவவா?" என்று கேட்டார். லுபோருக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாணத்துல என் கையால காய்ச்சின பன்னிரண்டு டிகிரி பீர்தான் ஊத்துவேன், அன்னிக்குச் சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் சபதம் போட்டான். ஏப்ரல் முதல் வாரம் காய்ச்சினோம். கல்யாணம் ஜூன் முதல் சனி. நொதித்த பிறகு ஒரு மாதமாவது குளிரில் கிடக்க வேண்டும். கெட்டுப்போனால் மறுபடி காய்ச்ச நாள் கிடையாது.

பன்னிரண்டு டிகிரிச் சர்க்கரையில் தொடங்குகிற பீரில், ஈஸ்ட் தின்று தீர்த்த பிறகு மூன்று டிகிரி மிஞ்சும். மூன்று வாரம் கழித்து நான் அளந்தேன். பிறந்தநாளுக்கு என் மனைவி வாங்கித் தந்த, சர்க்கரை அளக்கிற குழல் கண்ணாடியால். இரண்டு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பழைய மிதவை மானிக்கு ஒரு குவளை பீர் வேண்டும், அதை யார் தூக்குவது?

ஆறே கால் காட்டியது.

மறுநாளும் ஆறே கால். நான்காம் நாளும் ஆறே கால். லுபோர் வேலையில் இருந்தபோது போய்க் கலத்துக்குக் கம்பளி போர்த்தினேன். பையிலிருந்த மூன்று பொட்டலத்தையும் கொட்டினேன். மெல்ல ஆட்டிவிட்டேன். "தின்னுத் தொலையேன்!" என்று கெஞ்சக்கூடச் செய்தேன். ஒரு வாரம் ஆகியும் ஆறே காலை விட்டு அசையவில்லை.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பொட்டலத்தால் ராத்காவின் கல்யாணத்தில் லுபோர் தலைகுனிந்து நிற்கப் போகிறான். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் அவனைக் காரேஜுக்கு இழுத்துப் போனேன்.

"லுபோர், பீர் நின்னுடுச்சு. நான் அஞ்சு போடலை, ரெண்டுதான் போட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அந்த மௌனம்தான் என் வாயைக் கிளறியது. "போன வருஷம் வெண்ணெய் நாத்தம் அடிச்சுக் கீழே ஊத்தினோமே, அதுகூட நான்தான். அதுல ஒண்ணுதான் போட்டேன்."

லுபோர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

அந்தப் பீர் கெட்டதற்குத் தன் குழாயில் இருந்த அழுக்குதான் காரணம் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தவன் அவன். அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் மூன்று முறை சோடாக் காரத்தில் கழுவுகிறான். விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கும். நான் பக்கத்தில் நின்று, "போதும்டா, தோல் போயிடப் போகுது" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

அவன் அலமாரியிலிருந்து தன் மிதவை மானியை எடுத்து, உயரக் குவளையில் பீர் பிடித்து அதில் விட்டான். அது இறங்கி, ஆடி, நின்றது. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

"நொதிச்சு முடிஞ்சு ஒரு வாரமாவது இருக்கும்," என்றான்.

"அப்போ என் கண்ணாடி?"

"பீர்ல சாராயம் உண்டாயிட்டா அது பொய்க் கணக்குதான் காட்டும். நொதிக்கறதுக்கு முன்னாடிதான் அதை நம்பணும். கூட வந்த தாளைப் படிக்கலையா?"

படிக்கவில்லை. அச்சடித்த எதையும்தான் நான் நம்புவதில்லையே.

அவன் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தான். என்னிடம் நீட்டினான். பீர் அருமையாக இருந்தது. நாங்கள் காய்ச்சியதிலேயே நல்லது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கூட்டு பிழைத்திருக்கும்.

"ஒரு வருஷம்டா," என்றான் லுபோர். குரல் உயரவில்லை. "ஒரு வருஷமா என் கையையே நான் சந்தேகப்பட்டேன். நீ பார்த்துக்கிட்டே இருந்தே."

"மன்னிச்சிடு."

"கல்யாணத்துக்கு வா. நீ வரலைன்னா ராத்கா அழுவா. இப்போ காரேஜ் சாவியை வெச்சுட்டுப் போ."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவன் உதவவில்லை.

கல்யாணத்தில் சம்பந்தி முதல் குவளையைச் சந்தேகத்தோடு குடித்தார். நான்காவதைக் கேட்டு வாங்கிக் குடித்தார். "யாருங்க காய்ச்சினது?" என்று மேசையைத் தட்டினார்.

"நாங்க ரெண்டு பேரும்," என்றான் லுபோர், என் பக்கம் திரும்பாமல்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போய் நின்றேன். இப்போது இலையுதிர் காலம். அவன் தனியாகக் காய்ச்சுகிறான், காரேஜ் புகைபோக்கியில் மால்ட் வேகிற வாசம் வருகிறது. தெருவில் போகிறவர்கள், "என்ன வெண்டா, இன்னிக்குக் காய்ச்சறீங்களா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போகிறேன்.