முட்டைக்குக் காவல்

துணிக் கிடங்கின் பின்வாசலில் மாலை மணி அடித்தவுடன் அவளுக்கு வேலை தொடங்கிவிடும். வீட்டுக்குக் கிளம்புகிற பெண்களை ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, பையைத் திறக்கச் சொல்லி, தோளிலிருந்து கணுக்கால்வரை தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். பல வருடப் பழக்கத்தில் தடவிப் பார்க்கக்கூட அவசியமில்லாமல் போயிருந்தது. வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். எதையாவது ஒளித்து வைத்திருப்பவள் அன்றைக்கென்று பார்த்து ரொம்ப அழகாகச் சிரிப்பாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். அங்கே வரிசையில் நிற்பது ஒரே ஆள், அவள் புருஷன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட லிஃப்டுதான் ஏறி இறங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று தெரிந்த அன்று டாக்டர் சொன்னது அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "புரதம் அதிகமா உள்ள போனா சிறுநீரகத்துக்கு வேலை அதிகம்மா. முட்டை, மீன், கறி, பருப்பு எல்லாத்தையும் நல்லா குறைச்சிடுங்க. அப்பதான் இருக்கிறது இன்னும் கொஞ்ச காலம் ஓடும்."

டாக்டர் குறைக்கச் சொன்னார். அவள் பருப்பை மட்டும் குறைத்துவிட்டு, மற்றதை ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். தனக்கென்று வாங்கும் முட்டையைத் துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். தெருமுனை டீக்கடைக்காரரிடம் போய், "அவர் வந்து கேட்டா டீயைத் தவிர எதுவும் குடுக்கக் கூடாது" என்று சொல்லி வைத்தாள். டீக்கடைக்காரர் அவளுக்குப் பயந்து அப்படியே செய்தார். ஆனால் ஊரில் அந்த ஒரு கடைதானா இருக்கிறது?

புருஷன் வேலைக்குக் கொண்டுபோகும் கருவிப் பெட்டியில், கிரீஸ் துடைக்கும் துணிக்கு அடியில், பொரித்த மீன் அகப்பட்டது. சட்டைப்பையில் முட்டை ஓட்டின் துணுக்கு கிடைத்தது. ஒரு நாள் எதுவுமே அகப்படவில்லை. அவள் அவர் மீசையை முகர்ந்து பார்த்தாள்.

"கோழி," என்றாள்.

"ஆபீசரம்மா, நாய்க்குக்கூட இவ்வளவு மோப்பம் கிடையாது," என்று கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றார் அவர்.

கையும் களவுமாகப் பிடிபட்டால் பொய் சொல்வார். பொய்யில் எப்போதும் டாக்டர் வருவார். "டாக்டரே போன் பண்ணினார், ஞாயித்துக்கிழமை மட்டும் கோழி பரவாயில்லையாம்."

"டாக்டர் எதுக்கு உங்களுக்குப் போன் பண்றார்? நீங்க என்ன அவருக்கு மாமனாரா?"

இப்படியே வருடங்கள் ஓடின. அவள் காவல் வீண்போகவில்லை. நினைத்ததைவிட நாள் தாங்கியிருக்கிறது என்று டாக்டரே அவளைப் பாராட்டினார். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவர் முகமும் காலும் வீங்கின. இனி வாரம் மூன்று முறை மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். டயாலிசிஸ்.

முதல் தடவை அவளால் லீவு எடுக்க முடியவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவர் தங்கைதான், 'எல்' பலகை மாட்டிய காரில் அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்புக்கு ஓடினாள். மாலையில் அவர் களைத்துப்போய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா பாரு, ஒரு நல்ல சேதி. இனிமே நான் முட்டை சாப்பிடணுமாம். தினமும். மீன், கோழி எல்லாம் சாப்பிடணுமாம். சாப்பிடலாம்னு இல்லை, சாப்பிட்டே ஆகணுமாம்."

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் தினமும் பார்க்கிற சிரிப்பு.

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் இல்லை. சாப்பாட்டு ஆலோசனை சொல்ற ஒரு பொண்ணு. கட்டிலுக்கே வந்து சொல்லிச்சு."

"ஓ, இப்ப டாக்டரை விட்டுட்டு பொண்ணு வந்திடுச்சா? உங்களுக்குப் படுத்த படுக்கையிலும் அந்தப் புத்தி போகாது," என்று அவள் எப்போதும் வைக்கும் சோற்றையும் உப்பில்லாத காயையும் வைத்தாள்.

அவர் சத்தியம் செய்தார். கோழிக்காகவும் அவர் முன்பு சத்தியம் செய்தவர்தான். அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரம் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். கருவிப் பெட்டியிலும் எதுவும் அகப்படவில்லை. ஒருவழியாக மனுஷன் அடங்கிவிட்டார் என்று அவள் நிம்மதி அடைந்தாள்.

அவர் இளைத்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கல்யாண மோதிரம் சோப்பு நுரையோடு கழன்று விழுந்தது. லிஃப்ட் கதவைக் கையால் தள்ளித் திறக்க முடியவில்லை என்று ஒரு நாள் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். சீக்கு அப்படி என்று அவள் நினைத்தாள். இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று பருப்பையும் நிறுத்தினாள்.

அந்த நிலையில்தான் தங்கை தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தாள். "எனக்கு ரெண்டு இருக்கு. அண்ணனுக்கு ஒண்ணு போதும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். எல்லாம் பொருந்தியது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அன்று அவள் அழுத அழுகைக்கு அளவில்லை.

அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள். தங்கையின் முடிவுகளைப் பார்த்துத் தலையாட்டிய டாக்டர், அவருடையதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தானம் தர்றவங்க நல்லா இருக்காங்க. வாங்கிக்கிற உடம்புதான் தயாரா இல்லை. ரத்தத்துல புரதம் ரொம்பக் குறைவு. சதையே கரைஞ்சிருக்கு. இப்படியே அறுத்தா புண் ஆறாது, கிருமி தொத்தும். மூணு மாசம் பார்ப்போம். தேறலைன்னா இந்த யோசனையையே விட்டுட வேண்டியதுதான்."



உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். உண்மையாகவே ஒரு பெண் இருந்தாள். கிடங்கில் வேலை செய்யும் சின்னப் பெண்களின் வயதுதான் இருக்கும்.

"வீட்டுல என்னம்மா குடுக்கிறீங்க?"

சொல்வதற்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. "முட்டை கண்ணுல காட்டுறதில்லைம்மா. மீன், கறி வாசனையே கிடையாது. இப்ப பருப்பையும் நிறுத்திட்டேன். நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னாள். "டயாலிசிஸுக்கு முந்தி நீங்க செஞ்சது ரொம்பச் சரிம்மா. அப்ப சிறுநீரகத்தைக் காப்பாத்தணும், அதனால புரதம் குறைவா இருக்கணும். இப்ப அந்த வேலையை மெஷின் செய்யுது. மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. அழுக்கை எடுக்கும்போது கொஞ்சம் புரதத்தையும் சேர்த்து எடுத்துடும். அதனால இப்ப சாதாரண ஆளைவிட அதிகமாவே சாப்பிடணும். உப்பு, தண்ணிக் கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும். முட்டையில வெள்ளைக்கரு, மீன், கோழி இதெல்லாம் வேணும். முதல் நாளே இவர்கிட்ட சொன்னேனே!" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "போன தடவை கேட்டப்பகூட நல்லா சாப்பிடுறேன்னு சொன்னீங்களே, அப்பா?"

அவர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டு விஷயத்தை வெளியில சொல்ல முடியுமா?" என்றார்.

தங்கை வெடித்துவிட்டாள். "அண்ணி, நீங்க என்ன செஞ்சிருக்கீங்க தெரியுமா? எங்க அண்ணனைப் பட்டினி போட்டிருக்கீங்க!"

"ஏய், சும்மா இரு," என்றார் அவர். "இத்தனை வருஷம் பொய் சொன்னவன் ஒரு நாள் உண்மையைச் சொன்னா யார் நம்புவா? அவ இடத்துல நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து முட்டை எல்லாவற்றையும் எடுத்தாள். சந்தைக்குப் போனாள். அன்று சாயங்காலம் அவர் முன்னால் வேகவைத்த முட்டை, வறுத்த மீன், கோழி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. விருந்தாளிக்குக்கூட அவள் அப்படிச் சமைத்ததில்லை.

அவர் ஒரு துண்டு மீனை வாயில் வைத்தார். மென்றார். கண்ணில் நீர் வந்தது. விழுங்க முடியாமல் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"என்னங்க, உப்பு போடாததாலயா?"

"அது இல்லை. சாவியை நக்கின மாதிரி இருக்கு. கொஞ்ச நாளாவே எதை வாயில வெச்சாலும் இரும்பு வாசனைதான். நான் சொல்லலை."

மறுநாள் கெஞ்சினாள். அதற்கு மறுநாள் அதட்டினாள். தட்டை இழுத்து முன்னால் வைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார உட்கார அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தங்கை தினமும் போன் செய்து, "இன்னைக்கு என்ன சாப்பிட்டார்?" என்று கேட்பாள். பதில் கேட்டு, "அப்ப என்னுதை வெச்சு நான் என்ன செய்ய, ஜாடியில போட்டு ஜன்னல்ல வைக்கவா?" என்று சிடுசிடுப்பாள். அழுகையை மறைக்கத்தான் அவள் அப்படிப் பேசுகிறாள் என்பது அண்ணிக்குத் தெரியும்.

ஒரு மாலை கிடங்கு வாசலில் அவள் கவனம் வேலையில் இல்லை. ஒருத்தியின் பையைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, உடம்புக்கு என்ன?" என்றாள் அந்தப் பெண். பொத்தான் தைக்கும் பகுதியில் வேலை, வாயாடி. இரண்டு தடவை ரிப்பன் சுருளோடு பிடிபட்டவள். வரிசை அவளைத் தாண்டி நகராததால் பின்னால் நின்றவர்களும் கூடிவிட்டார்கள். காவல்காரி என்ன நினைத்தாளோ, வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

பிறகு பொத்தான்காரி தொண்டையைச் செருமினாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க பிடிக்கிற ஆளு, உங்களுக்குக் கடத்தத் தெரியாது. மொத்தமா ஒரே மூட்டையா தூக்கிட்டு வந்தா எந்த கேட்டுல விடுவாங்க? கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டு போகணும். ஒரே இடத்துல வைக்கக் கூடாது, பத்து இடத்துல பிரிச்சு வைக்கணும். கேட்டுல நிக்கிற ஆளு மூஞ்சியையே உத்துப் பார்க்கவும் கூடாது."

"அப்ப ரெண்டு தடவையும் நீ ஏன்டி மாட்டினே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அக்கா கண்ணு அப்படி. அண்ணன் நாக்கு அக்கா மாதிரி இருக்காதுல்ல?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அன்று வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரில் உட்காரவில்லை.

"உங்களை ஏமாத்தப் போறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சே செய்வோம். உங்க நாக்குதான் இப்ப கேட்டுல நிக்கிற ஆளு. நாம ரெண்டு பேரும் ஒரே கூட்டு. எந்த வழியா உள்ள கொண்டு போகலாம்னு நீங்களே சொல்லுங்க. கடத்தல்ல உங்களுக்குத்தான் அனுபவம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீசரே இந்தப் பக்கம் வந்திட்டா அப்புறம் நாடு என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்தார். "சூடா இருந்தா வாசனை தூக்குது. ஆறினது பரவாயில்லை."

அங்கிருந்து தொடங்கினார்கள். ஆலோசகர் பெண்ணைக் கேட்டார்கள். ஆறியது நல்லதுதான், மேலே எலுமிச்சை பிழிந்தால் இரும்பு வாசனை அமுங்கும், பல தடவையாகப் பிரித்துச் சாப்பிடலாம் என்றாள். அடித்து வறுத்த முட்டை வெள்ளைக்கரு சோற்றுக்குள் போனது. கோழி பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் ஒளிந்தது. மீனில் முள்ளெடுத்து, பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டையாக்கி, அவர் வேலைக்குப் போகும்போது கருவிப் பெட்டியில் அவளே வைத்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் காரிலேயே ஒரு உருண்டை. தங்கை கண்ணாடியில் பார்த்து, "முழுங்கியாச்சா, கியரை மாத்தலாமா?" என்பாள்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. சில நாள் ஒரு உருண்டைகூட உள்ளே போகாது. "இன்னைக்கு முடியலை" என்பார். முன்பு என்றால் அவர் முகத்தைத் துருவிப் பார்த்திருப்பாள். இப்போது, "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூடி வைத்துவிடுவாள். அவர் சொல்வதை அப்படியே நம்புவது அவளுக்குக் கோழி சமைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அப்படி மூடி வைத்த ஒரு நாள், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் பாத்திரம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். நின்றபடியே அவர் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பசிச்சுது," என்றார், ஏதோ தப்பு செய்தவரைப் போல.

அவள் துணியைக் கையில் பிடித்தபடி சுவரோடு சாய்ந்துகொண்டாள். "நான் எதுவும் பார்க்கலை. நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

கெடு முடிந்து டாக்டர் முன்னால் மறுபடியும் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தங்கை நகத்தைக் கடித்தாள்.

"நான் எதிர்பார்த்த இடத்துக்கு இன்னும் வரலை," என்றார் டாக்டர்.

"எத்தனாவது மாடியில நிக்குது, சார்?" என்று கேட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "கீழ்த்தளத்துல கிடந்தது. இப்ப நாலாவது மாடி. அஞ்சாவதுக்கு வந்தா கதவைத் திறக்கலாம். இதே வேகத்துல ஏறினா அடுத்த மாசம் வந்திடும். நான் தேதி குறிச்சு வைக்கிறேன். இதே மாதிரி சாப்பிட்டுக்கிட்டு இருங்க."

"அடுத்த மாசக் கடைசி வேணாம் டாக்டர்," என்று தங்கை அவசரமாகச் சொன்னாள். "என்கிட்ட வண்டி கத்துக்கிற பசங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கு. அதுல ஒருத்தன் இன்னும் ரிவர்ஸ்ல சுவரை இடிக்கிறான். நான் பக்கத்துல இல்லைன்னா ஆபீஸையே இடிச்சிடுவான்."

"அப்ப அதுக்கு அடுத்த மாசம் முதல் வாரம்?"

"முதல் வாரம் சரி. எனக்கு அப்புறம் வண்டி ஓட்ட எத்தனை நாள் ஆகும்?"

மற்ற மூன்று பேரும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் மேலே பறந்துவிடுவோம் என்கிற மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது தங்கை அவள் தோளில் கை போட்டாள். "அண்ணி, அன்னைக்குப் பட்டினி போட்டீங்கன்னு சொன்னேன்ல. அதை மனசுல வெச்சுக்காதீங்க."

"உண்மையைத்தானே சொன்னே," என்றாள் அவள். "ஆபரேஷன் முடிஞ்சு புண் ஆற உனக்கும் புரதம் வேணுமாம். கேட்டுட்டேன். ஒரு மாசம் நம்ம வீட்டுலதான் நீ."

"ஐயோ, என் முன்னாடி நாற்காலி போட்டு உட்கார மாட்டீங்களே?"

அதற்குள் அவர் முன்னால் நடந்து, ஆஸ்பத்திரியின் கனமான கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, அது மூடாமல் முதுகை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். பின்னால் வந்தவர்கள் நாலைந்து பேர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? சீக்கிரம் வாங்க," என்றார்.

அவள் ஓடினாள்.