தலைகீழாய்த் தொங்கிய விளக்குமாற்றுச் செடி

ஸ்டீபன்தான் ராஜா என்று ஒரு படை. இல்லை, அவருடைய மாமன் மகள் மாடில்டாதான் ராணி என்று இன்னொரு படை. இங்கிலாந்தே இரண்டாய்க் கிழிந்து கிடந்தது. சிற்றூர்க்காரி உல்ஃப்ரனுக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பீர் அண்டா நிறையத் தயாராக இருந்தது. அதில் ஒரு கோப்பை குறைந்தாலும் சம்பந்தியம்மா சாகிறவரை சொல்லிக்காட்டுவாள்.

பீர் காய்ச்சினால் வாசலில் கம்பு நட்டு ஒரு பச்சைக்கிளை கட்ட வேண்டும். அதைப் பார்த்து ஊர்ச் சுவைபார்ப்பவர் வந்து நல்லதென்று சொல்ல வேண்டும். ஊர்க்கட்டு அப்படி. கைக்கு அகப்பட்டது வேலியோரத்து விளக்குமாற்றுச் செடி. மஞ்சள் பூவோடு ஒடித்துக் கட்டிவிட்டாள். புத்தி எங்கே மேயப் போயிற்றோ!

மத்தியானம் ஸ்டீபனின் கூலிப்படை வந்து நின்றது. கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஊர்க்கட்டு எங்கே தெரியும்? தலைவன் வூட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினான். "ஏ பொம்பள! இது மாடில்டா புருஷன் தொப்பில செருகுற பூவாச்சே! நீ அவ கட்சியா? டேய், கூரைல நெருப்ப வைங்கடா!"

உல்ஃப்ரன் சட்டென்று கணக்குப் போட்டாள். பீருக்குக் கட்டிய கிளை என்று உண்மையைச் சொன்னால் அண்டா காலி, சொல்லாவிட்டால் வீடு காலி.

"ஐயையோ மகராசா, நல்லாப் பாருங்க! தலைகீழால்ல தொங்குது? அந்த ஆளத்தான் தூக்குல போட்டிருக்கேன்!"

வூட்டர் அண்ணாந்து பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். "பலே கெட்டிக்காரிதான்!" என்று குதிரையைத் தட்டினான். ஜலதோஷம் பிடித்த மூக்குக்குப் பீர் வாசனை எட்டவேயில்லை.

பொழுது சாய்வதற்குள் மாடில்டாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். "எங்க பூவ எவன்டா தலைகீழாத் தொங்கவிட்டது?" என்று ஒருவன் வாளை உருவினான்.

"ஸ்டீபனோட ஆளு, அந்த மூக்கொழுகிப் பயலக் கேளுங்க சாமி! இப்பத்தான் ஆத்துப் பக்கம் போறான்!"

கிளையை நிமிர்த்திக் கட்டி, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, ஆற்றுப் பக்கம் பறந்தார்கள். உல்ஃப்ரன் அப்பாடா என்று வாசலிலேயே உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சுவைபார்க்கும் ஆஸ்பர்ன் ஆடி அசைந்து வந்தார். நிமிர்ந்திருந்தால் என்ன, கவிழ்ந்திருந்தால் என்ன, அவருக்குக் கிளை கிளைதான். ஒரு கோப்பை குடித்தார். "சரியாத் தெரியலையே." இன்னொன்று குடித்தார். "இப்பவும் தெரியலையே." அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

உல்ஃப்ரன் கோப்பையைப் பிடுங்கினாள். "யோவ்! ரெண்டு படைகிட்டருந்து காப்பாத்தினது உம்ம தொண்டைக்கில்ல! நல்லதுன்னு சொல்லிட்டுக் கிளம்பும். இல்ல, அந்தக் கம்புலயே உம்மையும் தொங்க விட்ருவேன், தலைகீழா!"

"நல்லது, ரொம்ப நல்லது!" என்றார் ஆஸ்பர்ன், எழுந்துகொண்டே.