பாரம் குறைந்த துவக்கு

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் குசினியில், மா நிறுக்கும் தராசை வைத்துத்தான் மகேஸ்வரன் அத்தான் தன் மலைவேட்டைத் துவக்குக்குச் சாமான்கள் தெரிந்தெடுத்தார். கார்பன் குழல், டைட்டானியம் திருகுகள், சின்னத் தொலைநோக்கி.

"ஒவ்வொரு கிராமும் மலையில முதுகை முறிக்குமடா."

பிறகு அரிசி, டின்மீன், புட்டுப்பானை எல்லாவற்றையும் என் பையில் திணித்தார்.

"நீ இளந்தாரிதானே, தூக்கு."

அவர் என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நான் அவருடைய கூலியாள். பையைத் தூக்கினேன்.

விமானத்தில் போய் இறங்கி ஏறிய பிரிட்டிஷ் கொலம்பியா மலையில், எதிர்ப்பாறையில் மலையாடு தெரிந்ததும் அத்தான் துவக்கை உறையிலிருந்து எடுத்தார்.

"விமானத்துக்காகக் கழற்றின, குண்டை ஏத்திற போல்ட்டை உன்னட்டத்தானே தந்தனான்? கெதியா எடு! அது இல்லாமல் வெடிக்காது!"

"முந்நூறு கிராம் குறைச்சிட்டன், அத்தான். குசினித் தராசிலதான் கிடக்கு."