பட்டனின் பதினெட்டு நகங்கள்

தையல்காரருக்குத் தன் கத்தரிக்கோல்மேல் இருந்த கர்வம் தெருவுக்கே தெரியும். வழுக்கும் பட்டானாலும் முரட்டுக் கம்பளியானாலும் சாக்பீஸால் ஒரு கோடு, கத்தரியால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பது சிலருக்குப் பேச்சு. அவருக்கு அதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவர் ஒரு நாயின் கால்நகத்திடம் தோற்றுப்போனார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் தினமும் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள்.

நாயின் பெயர் பட்டன். குட்டியாக வந்த முதல் நாளே கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த கோட்டுப் பட்டனை விழுங்கிவிட்டு, அது எப்போது வெளியே வரும் என்று இரண்டு நாள் எல்லோரையும் தன் பின்னாலேயே அலைய வைத்ததால் வந்த பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒன்பது வருடமாக அங்கே தையல் மெஷினுக்கு அடியில்தான் அதற்குப் படுக்கை. அவருடைய வலது பாதம் மெஷினை மிதிக்கும். இடது பாதம் நாய்க்குத் தலையணை. இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். மனிதர் போய்ச் சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் கத்தரியை வைத்தார்.

நடந்தது இதுதான். வயதாக ஆகப் பட்டன் ஓடுவது குறைந்தது. தேயாத நகம் வளர்ந்துகொண்டே போனது. டைல்ஸ் தரையில் அது நடந்தால், குதிகால் செருப்புப் போட்ட யாரோ வருகிறார்கள் என்று துணி தைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு நடையே கோணலாகி, திரும்பும்போதெல்லாம் வழுக்க ஆரம்பித்தது. நாமே வெட்டிவிடலாம் என்று நகவெட்டி வாங்கி வந்தார். இடது முன்னங்காலில் முதல் நகத்தின் நுனியை வெட்டினார், ஒன்றும் ஆகவில்லை. விழுந்த துண்டை டேப்பில் வைத்து அளந்தார். கால் இஞ்ச். அடுத்த நகத்திலும் சாக்பீஸால் கால் இஞ்சுக்குக் கோடு போட்டு, கை நடுங்காமல், ஒரே வெட்டு.

பட்டன் போட்ட அலறலில் தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. நகத்திலிருந்து ரத்தம் சொட்டியது. மனைவி சமையலறையிலிருந்து ஒரு கை சோளமாவை அள்ளி வந்து நகத்தின் நுனியில் அழுத்திப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை.

“நான் ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கறேன். ஒருத்தர்கூட இப்படிக் கத்தினதில்ல. என்னங்க பண்ணீங்க?”

“ரெண்டும் ஒரே அளவா இருக்க வேண்டாமா? அதான், அதே அளவுக்கு வெட்டினேன்.”

“அது நகங்க. சட்டைக் கையா?”

அன்றிலிருந்து பட்டன் மெஷின் பக்கம் வரவில்லை. அவர் கூப்பிட்டால் வாலை ஆட்டும், அதுவும் மரியாதைக்கு. ஆனால் மூன்றடி தள்ளியே நின்றுகொள்ளும். உட்கார்ந்தால் முன்னங்கால்களை மடித்து வயிற்றுக்கடியில் ஒளித்துவைக்கும். நகவெட்டியை யார் கையில் எடுத்தாலும், அது மனைவியாகவே இருந்தாலும், கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தைக்கும்போது அவருடைய இடது பாதம் சில்லென்று கிடந்தது. அவருக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. ஐம்பது வயதில், நாய் என்னோடு பேசுவதில்லை என்று யாரிடம் போய் அழுவது?

நாய் கோபித்துக்கொண்டால் நகமும் கோபித்துக்கொண்டு வளராமல் இருந்துவிடுமா? கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாள் பட்டனின் பாதத்தைப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நகத்துக்குள்ள ரத்தக்குழாய் ஓடுது. ஒவ்வொரு நகத்துலயும் ஒவ்வொரு நீளம். கறுப்பு நகத்துல அது வெளிய தெரியாது. கடுகு கடுகா நறுக்கிக்கிட்டே வரணும். வெட்டின இடத்துல நடுவுல கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா அதோட நிறுத்திடணும்.”

“ஒரே வெட்டா வெட்டக் கூடாதா டாக்டரம்மா?”

“ஆழம் தெரியாம காலை விட்டா, விட்டவருக்குத்தான் வலிக்கும்னு சொல்லுவாங்க. உங்க விஷயத்துல வலி இதுக்குப் போயிருக்கு.” அவர் பட்டனின் காதைச் சொறிந்துவிட்டார். “முதல்ல நகவெட்டியை எடுத்து உள்ள வைங்க. பத்து நாள் வெறுமனே தொட்டுப் பழக்குங்க, தொட்டதுக்கு ஒரு வாய் தீனி குடுங்க. ஒரு மாசத்துல வழிக்கு வரலைன்னா மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டணும். வயசான நாய். எனக்கு அதுல இஷ்டமில்ல.”

தையல்காரருக்கும் இஷ்டமில்லை. வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். கத்தரிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. டேப்புக்குப் பயந்து ஓடிய ஆளை இந்த முப்பது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. எப்பேர்ப்பட்ட முரடனும் தோளில் டேப் பட்டதும் கையை விரித்துக்கொண்டு அடக்கமாக நிற்பான்.

மறுநாள் காலை, கடை திறக்குமுன், அவித்த முட்டையைத் துண்டு போட்டு வைத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“வாங்க சார், அளவு பாக்கலாம்” என்றார். டேப் கையில் இருந்தால் வாயில் மரியாதை தானாக வரும்; தொழில் பழக்கம்.

சார் முட்டையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், முட்டைக்காக ஒப்புக்கொண்டார். முதல் நாள் கழுத்து. இரண்டு நாள் கழித்து மார்பு. ஒரு வாரத்தில் தோளிலிருந்து முழங்கால். பாவனை நாய்க்குத் தெரிந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் அளவு நோட்டில் வேறு எழுதினார். அதை மனைவி எடுத்துப் படித்தாள்.

“கழுத்து பதினாறு, மார்பு இருபத்தாறு. சட்டை எப்பங்க ரெடியாகும்? காலர் வெச்சா, வெக்காமலா?”

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. பத்தாம் நாள் டேப் பாதத்தைச் சுற்றியது. பன்னிரண்டாம் நாள் டேப்புக்குப் பின்னாலேயே நகவெட்டி வந்தது. “காலைக் குடு கண்ணா, ஆடாம இரு, என் தங்கம்ல” என்று மரியாதை போய்க் கொஞ்சலும் வந்தது. இரண்டாவது வெட்டே கிடையாது என்று மார்தட்டியவர் ஒரு நகத்துக்கு ஐந்து வெட்டு வெட்டினார், ஒவ்வொன்றும் கடுகளவு. ஒரு நாளைக்கு ஒரு நகம்தான். காலுக்கு நான்கு, முன்னங்கால்களில் தரையைத் தொடாமல் தொங்கும் கட்டைவிரல் நகம் இரண்டு, ஆகப் பதினெட்டு. பதினேழு முடிந்தது.

மிச்சமிருந்தது அன்று ரத்தம் சொட்டிய அந்த நகம். அதன்மேல் விரல் பட்டாலே பட்டன் காலை உருவிக்கொண்டு, முட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போய்விடும். அவரும் விட்டுவிடுவார். துரத்திப் பிடித்தால் இதுவரை பட்ட பாடு அத்தனையும் பாழ் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து நகங்களெல்லாம் குட்டையாகிவிட, அது மட்டும் வளைந்து தரையில் குத்தியது. மாதம் முடிய ஒரு நாள் இருந்தது.

“மயக்க ஊசிக்கு டாக்டரம்மாகிட்ட நேரம் கேக்கட்டுமா?” என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்.”

மறுநாள் சாயங்காலம், பள்ளித் தலைமை ஆசிரியர் கோட்டும் பேன்ட்டும் தைக்க வந்து நின்றார். அவர் தொண்டையைச் செருமினால் பள்ளிக்கூடத்தின் மூன்று மாடியும் அடங்கிவிடும் என்பார்கள். கையை விரித்து விறைப்பாக நின்றார். தையல்காரரின் கை அவர் மார்பை அளந்தது. மனசு முழுக்க மனைவியின் நாற்காலிக்கடியில் காலை மடித்துப் படுத்திருந்த பட்டனிடம் இருந்தது. இடுப்பை அளந்தார். கால் உயரத்துக்காக மண்டியிட்டார்.

“காலைக் குடு கண்ணா” என்றது வாய். “ஆடாம இரு, என் தங்கம்ல.”

மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தையல்காரருக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. தலைமை ஆசிரியரை அவருடைய அம்மாவுக்குப் பிறகு யாரும் தங்கம் என்று சொன்னதில்லை போலிருக்கிறது. குனிந்து தன் கால்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்.

“எந்தக் காலு?”

கேட்டதோடு நிற்காமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியும் விட்டார். தையல்காரர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் தரையில் டக் என்று ஒரு சத்தம். ஒரு நகத்தின் சத்தம்தான். பட்டன் எழுந்து வந்தது. இது தனக்குச் சேரவேண்டிய வார்த்தை, யாருக்கோ போகிறதே என்று நினைத்ததோ என்னவோ, தலைமை ஆசிரியருக்கும் அவருக்கும் நடுவில் தலையை நுழைத்து, இடது முன்னங்காலைத் தூக்கித் தையல்காரரின் முழங்கால்மேல் வைத்தது.

முட்டை இல்லை. டேப் கழுத்தில் தொங்கியது. சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். கடுகளவு. இன்னொரு கடுகளவு. பட்டன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது வெட்டில் நடுவே சின்னதாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தது. நிறுத்தினார்.

“அதுக்கு முடிஞ்சுதா?” என்றார் தலைமை ஆசிரியர், ஒற்றைக் காலில் நின்றபடி. “நான் இறக்கலாமா?”

தையல்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பட்டன் அந்தக் காலை இறக்கியது. பிறகு, யாரும் கேட்காமலே, அடுத்த காலைத் தூக்கி அவர் முழங்கால்மேல் வைத்தது.