பன்னிரண்டு கத்தியும் ஒரு கை வளையலும்

...பட்டப்பகலில், மேச்சேரி பஸ் நிறுத்தத்தில், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவளென்று நினைத்து எவளோ ஒரு பச்சைச் சேலைக்காரியிடம் போய், "ஏம்புள்ள, மேட்டூர் பஸ் வந்திருச்சா?" என்று கேட்டாரே, இரண்டடியில் ஆள் தெரியாதவருக்குப் பத்தடியில் காது தெரியுமா, கழுத்து தெரியுமா... பலகையில் முதுகை ஒட்டி நின்றாள் கண்ணாத்தாள். எதிரே புருஷன் சென்னியப்பன், கையில் கத்தி. மேட்டூர்த் தொழிலாளர் மன்றத்து ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமைக் கதம்ப நிகழ்ச்சி, பலகுரல் முடிந்தது, பேசும் பொம்மை முடிந்தது, ஒன்று சலித்தால் அடுத்தது, அதற்குத்தானே இத்தனை சனம்... மாமனார் காலத்தில் டூரிங் கொட்டகையில் படச்சுருள் மாற்றுகிற இடைவெளியில் கத்தி வீசுவாராம், விசில் கூரையைப் பிய்க்குமாம். பாட்டும் சிரிப்பும் எத்தனை இருந்தாலும் கடைசியில் கொஞ்சம் பயம் வேண்டியிருக்கிறது இவர்களுக்கு, சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி. அந்தப் பயத்தை யார் படுவது? திரைக்குப் பின்னால், "ஏனுங்க, இன்னைக்கு வேண்டாமுங்க" என்றதற்கு, "இருவது வருசமா நிக்கறே, இன்னைக்கென்ன புதுசா?" என்று சிரித்துவிட்டார். இறங்கி ஓடிவிடலாமா? ஓடினால் ஊருக்கே தெரிந்துபோகும், அப்புறம் எவன் கூப்பிடுவான் அவரை...

"யாரும் அசையாதீங்க சாமி!" மைக்கில் அறிவிப்பாளர் அர்த்தநாரி. முதல் ஆறு கத்தி கண்ணைத் திறந்துகொண்டு. அடுத்த ஆறு கண்ணைக் கட்டிக்கொண்டு, அப்போது அவள் வளையலைக் குலுக்குவாள், அந்தச் சத்தத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கத்தி வந்து நிற்கும், ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் இந்த முதல் ஆறு... தொக். காதோரம். தொக். பாழாய்ப்போன கை, தீபாவளிக்கு அவர் கண்மேல் சந்தேகம் தட்டியதிலிருந்தே இப்படித்தான் நடுங்குகிறது, வளையல் கலகலக்கிறது, சனம் கேட்டால் சிரிக்காதா? ஐந்து கத்தி ஆயிற்று. ஆறாவதுக்குக் கையைப் பலகையோடு இறுக்கி அழுத்திக்கொண்டாள். சத்தம் நின்றது. அவர் ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது... ஏன் வீசவில்லை? யாரோ விசிலடித்தான். சென்னியப்பன் தலையைச் சாய்த்தார், கண்ணைக் கட்டினால் சாய்ப்பாரே, அப்படி. இதென்ன, இன்னும் கண்ணே கட்டவில்லையே... அவளால் தாங்க முடியவில்லை, கை உதறியது, வளையல் ஒலித்தது. தொக்.

கறுப்புத் துணியைக் கட்டியதும் சனம் "ஐயோ" என்றது. கண்ணாத்தாளுக்கோ இப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது, கை நடுக்கம்கூட நின்றுவிட்டது. நின்றுவிட்டதே... தீபாவளியிலிருந்து அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தானா கண்ணைத் திறந்துகொண்டு வீசினார்? ஒருநாள், ஒரே ஒருநாள், தான் பயப்படாமல் நின்றிருந்தால்?