மெழுகுக் கட்டி

பரிசோதனைக்கூடத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். உள்ளே பஞ்சின் மேல், தீப்பெட்டியில் பாதியளவு இருக்க வேண்டிய மெழுகுக் கட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, வழிந்து, பஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது.

“இத எங்க வெச்சிருந்தீங்க, அண்ணா?”

“வண்டியிலதாம்மா. முன்னாடி கண்ணாடி ஓரமா.”

“வெயில்லயா?”

சோபாக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மெழுகுக்குள்தான் அவர் மனைவியின் கருப்பை வாயிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கு இருந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரியது.

பழைய சோபாக்களைப் பிரித்துப் புதிதாக்குவது அவர் தொழில். அவர் பிரிப்பார், அடியில் தாங்கும் நாடா கட்டுவார். மனைவி உறை தைப்பாள். காலையில் வண்டியை எடுக்கும்போதே பசை டின்னை முன்கண்ணாடியின் அடியில் வைத்துவிடுவது இருபத்திரண்டு வருடப் பழக்கம். வேலை நடக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் பசை இளகி, தடவப் பதமாகிவிடும். சதையை எடுத்த முதல் ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கொடுத்தவர், “கூடவே கண்ணாடி ஸ்லைடும் இருக்கு, உடைஞ்சிரப் போகுது” என்று மட்டும்தான் சொன்னார். வண்டியின் பின்பக்கம் மரச்சட்டம், சுத்தியல், ஸ்பிரிங். அங்கே போட மனம் வரவில்லை. முன்னால், பசை டின்னுக்குப் பக்கத்தில், ஃபோம் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். வழியெல்லாம் மேடு பள்ளம் பார்த்து ஓட்டினார். இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மனைவியை முதலில் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு மணி நேரம். வண்டி வெட்டவெளியில் நின்றது. ஸ்லைடுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்திருந்தன.

எட்டு மாதமாக அவளுக்கு நிற்காத உதிரப்போக்கு. வயசு அப்படி என்று அவளே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சுரண்டியெடுத்துச் சோதித்தார்கள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று வந்தது. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரின் விரலில்தான் கட்டி தட்டுப்பட்டது. எடுத்தனுப்பிய சதையின் முடிவு வந்த பிறகு இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். வழக்கமாக வரும் புற்றுநோய் மேல்படலத்தில் ஆரம்பிக்கும், சுரண்டினால் தெரிந்துவிடும். இது அதற்கு அடியில், எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கிற இணைப்புத் திசுவில் வருவது. சர்கோமா என்று பெயர். அந்த இடத்தில் வருவது மிக அபூர்வம்.

“அப்ப மேல ரெக்சின் நல்லாருக்கு, அடியில நாடா போயிருச்சுங்கறீங்களா, டாக்டர்?”

டாக்டர் கொஞ்சம் யோசித்து, “கிட்டத்தட்ட” என்றார்.

“நான் என்ன உங்க கடைக்கு வந்த சோபாவா?” என்றாள் மனைவி. “பிரிச்சுப் பாத்துட்டு ரேட்டு சொல்லுவீங்க போல.”

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் அன்று சொன்னவற்றில் சோபாக்காரருக்குப் புரிந்தது அந்த ஒன்றுதான். இதிலேயே பல வகை உண்டாம். எந்த வகை என்று தெரிந்தால்தான் முதலில் ஆபரேஷனா, மருந்தா என்று முடிவு செய்ய முடியுமாம். அதற்கு அந்த மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவி, இங்கே இருப்பவர்கள் பார்க்க வேண்டும். குணமாகுமா என்று கேட்டார். “இத்தன வருஷத்துல இத மூணு பேர்கிட்டதான் பாத்திருக்கேன். மூணும் மூணு விதமா போச்சு. நான் என்னன்னு சொல்றது, சொல்லுங்க?” என்றார் டாக்டர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லிவிடுகிறவர் சோபாக்காரர்.

“உள்ள இருக்கறது கெடலைன்னா மறுபடி மெழுகு ஊத்திக்கலாம்ணா,” என்றாள் கவுன்ட்டர் பெண். “டெக்னீஷியன் பாக்கட்டும். உக்காருங்க.”

“கெட்டிருந்தா?”

“திரும்ப எடுக்கணும்.”

போன முறை எடுத்த பிறகு மூன்று நாள் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனாள்.

கூடத்தின் கோடியில் நீளமான ரெக்சின் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. சோபாக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கவுன்ட்டரிலிருந்து நடந்து வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தார். உட்கார்ந்ததும் அது வாய்க்கு வரவில்லை.

“மெழுகு உருகிருச்சு. வெயில்ல வெச்சுட்டேன்.”

அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். “பசை டின் பக்கத்துலயா?” என்றாள்.

“ம்.”

“பசை இளகிருச்சா?”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “இளகிருச்சு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல் சிரித்தாள். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்போது அது சிரிப்பாக இல்லாமல் போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“திட்டவாவது செய்யேன்,” என்றார்.

“திட்டி? உங்களத் திட்டுனா அது கெட்டியாகிருமா?”

அவர் கைகள் சும்மா இருக்க மறுத்தன. இருவருக்கும் நடுவே பெஞ்சின் தையல் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒட்டி வந்தன.

“ஊசி வெச்சிருக்கியா?”

அவள் பையில் வளைந்த ஊசி இல்லாமல் இருக்காது. எடுத்தாள். நூல் கோக்கும் முன், பழக்கத்தில் கிழிசலுக்குள் விரலை விட்டுத் தடவினாள். அப்படியே இருந்தாள்.

“என்ன?”

விரலை வெளியே எடுத்துக் காட்டினாள். ரெக்சினுக்கு அடியில் ஃபோம் தூளாகி, விரல் நுனியெல்லாம் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

அப்போது பரிசோதனைக்கூடத்தின் கதவு திறந்தது. கவுன்ட்டர் பெண் பிளாஸ்டிக் பெட்டியோடு வெளியே வந்து, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சோபாக்காரர் எழுந்து நின்றார். கண்களுக்குக் கீழே எல்லாம் மாஸ்க். பின்னால் மனைவி ஒரு கையில் ஊசியும், துடைக்க மறந்த விரலுமாக உட்கார்ந்திருந்தாள்.