எதிர்ப்பக்கத்து ஹாரன்

சட்டையின் மேல் பட்டனைப் போடுவதா, திறந்தே விடுவதா என்று தையல்காரரின் மனைவி குனிந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை. அந்தச் சத்தத்துக்கு அவள் கணவர் எழுந்து ஓடாமல் படுத்திருப்பது இதுதான் முதல் தடவை.

“அண்ணி, ஹாரன் சார் வந்திருக்காரு,” என்றான் கொழுந்தன் வாசலிலிருந்து. “கையில பெரிய மலர்வளையம்.”

அந்தப் பட்டப்பெயரை வைத்த அவள் கணவரே இப்போது கூடத்துப் பெஞ்சில் கிடந்தார். ஹாரன் சார் ஊர்ச் சாலைகளுக்கெல்லாம் பொறுப்பான இன்ஜினியர். இத்தனை வருஷமாக இங்கேதான் துணி தைத்துக்கொண்டார், ஆனால் ஒருநாளும் கடைப் படி ஏறியதில்லை. காரை எதிர்ப்பக்கம் நிறுத்தி டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்வார். அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது, தைத்ததைக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் தையல்காரர்தான் சாலையைக் கடந்து ஓட வேண்டும்.

முன்பெல்லாம் அது பெரிய காரியமில்லை. வீட்டுக்கு நேரே வெள்ளைக்கோடு இருந்தது, சிக்னல் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது இன்ஜினியர் இரண்டையும் எடுத்துவிட்டார். தெருவே திரண்டு போய்க் கேட்டதற்கு, “கொஞ்சம் தள்ளிப் போனா மேம்பாலம் இருக்கே. நடந்தா உடம்புக்கு நல்லது,” என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். “விடுடி, கையைத் தூக்கினா நிறுத்தப் போறான். வண்டி ஓட்டறவனும் மனுஷன்தானே,” என்றார் இவள் கணவர்.

நேற்று சாயங்காலம் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. இன்ஜினியரின் கோட்டை அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள் என்று இவள் சொன்னாள். “மடிச்சா கோடு விழுந்துடும். பாராட்டு விழாவுக்குப் போடறதாம்,” என்று பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். வேன் அவரை அடித்துத் தள்ளியது. கோட் மட்டும் நடுத்திட்டின் மேல் போய் விழுந்தது. அதில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

வேன்காரன் பிடிபட்டுவிட்டான். ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுகிறானாம். அவன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

மறுபடியும் ஹாரன் அடித்தது.

“நான் ஓடிப்போய் வளையத்தை வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி.”

“வாசலைத் தாண்டினே, அதோட என்னை அண்ணின்னு கூப்பிடாதே.”

“பெரிய மனுஷன், வெயில்ல நிக்கறாரு...”

“உங்கண்ணன் மழையில நின்னாரு. அப்ப கார்க் கண்ணாடியைக்கூட இறக்கலை அந்தப் பெரிய மனுஷன்.”

கொழுந்தனின் போன் அடித்தது. அவன் கேட்டுவிட்டு விழித்தான். “யாரையாவது அனுப்பச் சொல்றாரு.” அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வாங்க சார். எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”

“எப்படிம்மா வர்றது? ஒருத்தனும் வண்டியை நிறுத்தமாட்டேங்கறானே.”

“கொஞ்சம் தள்ளிப் போனா மேம்பாலம் இருக்கு சார். நடந்தா உடம்புக்கு நல்லது.”

 அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கத் திரும்பிப் போக இன்ஜினியருக்கு வெட்கம். மேம்பாலம் வரை நடக்க உடம்பு வளையவில்லை. காலைக் கீழே வைத்தார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வந்ததும் துள்ளிப் பின்னால் போனார். மறுபடி வைத்தார். மலர்வளையத்தைக் கேடயம்போல முன்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

“அடிக்கட்டும்,” என்றாள் அவள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி “ஐயையோ, என்ன பேச்சுடி இது!” என்று அவள் தோளைப் பிடித்தாள். அவள் தோளை உதறிக்கொண்டாள்.

ஆனால் அவர் வந்து சேர்ந்துவிட்டார். நடுத்திட்டில் ஒரு செருப்பு போயிருந்தது. வளையத்தில் பாதிப் பூ இல்லை. முகம் வெளுத்து, வியர்வை காலர் வழியாக வழிந்தது. அந்தக் காலரும் அவள் கணவர் வைத்துத் தைத்ததுதான். இவர் உயிரோடு வந்துவிட்டாரே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

“நல்ல மனுஷன்,” என்றார் இன்ஜினியர் மூச்சு வாங்கிக்கொண்டு. “என்னம்மா பண்றது, எல்லாம் விதி.”

“விதியா சார் வெள்ளைக்கோட்டை அழிச்சுது? நீங்க அழிச்சீங்க.”

அவர் பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “போட்டுடலாம்மா. நான் சொல்லி ஏற்பாடு பண்றேன்.”

“போடுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தையல் அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கறுப்புக் கோட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். “இதுக்குக் காஜா எடுத்தது, பட்டன் வெச்சது எல்லாம் நான். வாங்கிக்கங்க.”

“இருக்கட்டும்மா, அப்புறமா ஆள் அனுப்பி...”

“ஆள் இல்ல சார். இருந்த ஒரு ஆளும் போயாச்சு. ரெண்டு கையையும் நீட்டுங்க.”

 இன்ஜினியர் கைகளை நீட்டினார். அவள் கோட்டை அவற்றின் மேல் பரப்பி, தோள்பட்டையை நீவிவிட்டாள்.

“மடிச்சுடாதீங்க, கோடு விழுந்துடும். அவர் இப்படித்தான் கொண்டு வந்தாரு.”

அவர் இரண்டு கையிலும் கோட்டை ஏந்தியபடி படியிறங்கிப் போனார். கூடவே கிளம்பிய கொழுந்தனின் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். சாலையோரத்தில் இன்ஜினியர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஒரு காலைக் கீழே வைத்து எடுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே வந்து, கணவரின் சட்டையில் மேல் பட்டனைப் போட்டாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, சாரை இன்னும் காணோமே என்று, டிரைவர் ஹாரன் அடித்தான். ஒரு நீளம், இரண்டு குட்டை.